பதினோராம் மாடியில் ஒரு கிடை

ஜோசபின் செய்த முதல் ஆடுகளைப் பார்த்து முத்துசாமி சிரித்த சிரிப்பில், சிராங்கூன் சாலையில் போய்க்கொண்டிருந்த நாலு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. ஒலி முகம்மது ஜவுளிக்கடையின் கண்ணாடி ஜன்னலுக்குள் பச்சைப் பட்டுத் துணி விரித்து, அதன்மேல் மூன்று ஆடுகளை நிறுத்தியிருந்தாள் ஜோசபின். உள்ளே கம்பி, அதன்மேல் கிழித்த செய்தித்தாள், மரவள்ளி மாவுப் பசை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தலையணைப் பஞ்சு. பதினான்கு வருடமாக அந்தக் கடைக்கு ஜன்னல் அலங்காரம் செய்பவள் அவள். தீபாவளிக்கு மயில், நோன்புப் பெருநாளுக்குப் பிறை, கிறிஸ்துமஸுக்குப் பனிமனிதன் என்று வருடம் தவறாமல் செய்வாள். எல்லாமே யாரோ எங்கோ அச்சடித்த வாழ்த்து அட்டையைப் பார்த்துச் செய்தவை. மயிலையாவது அவள் ஜூரோங் பறவைப் பூங்காவில் பார்த்திருக்கிறாள். பனியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் பார்த்திருக்கிறாள். ஆட்டை, உள்ளதைச் சொன்னால், தட்டில்தான் பார்த்திருக்கிறாள். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள் வேறு எங்கே போய்ப் பார்ப்பாள்?

"என்ன தங்கச்சி இது? பஞ்சுமிட்டாய்க்குக் கால் வச்சி நிறுத்தியிருக்கீங்க?"

வாசலுக்கு வந்து பார்த்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், கறுத்து இறுகிய மனிதர், கையில் கீரைக்கட்டோடு நின்றார். ஜோசபினுக்கு மூக்கின்மேல் கோபம் வரும். அன்று அது சற்று முன்னதாகவே வந்துவிட்டது.

"ஏன், நீங்க என்ன ஆடு மேச்சவரா?"

"ஆமா," என்றார் அவர்.

இப்படி ஒரு பதில் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஜன்னல் வேலையை அப்படியே விட்டுவிட்டு, அவரைப் பக்கத்துக் கோப்பிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

முத்துசாமி இராமநாதபுரத்துக் கீதாரி வீட்டுப் பிள்ளை. கீதாரி என்றால் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக நடப்பவர்களின் தலைவர். அறுவடை முடிந்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் போவார்கள். வெறும் வயலில் இரவெல்லாம் மந்தையை அடைத்து வைப்பார்கள். அதற்குத்தான் கிடை போடுவது என்று பெயர். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு உரம். விடிந்தால் அடுத்த வயல், அதற்கடுத்தாற்போல் அடுத்த ஊர். வயல்காரர் கொடுக்கும் நெல்தான் கூலி. இருபது வயது வரை முத்துசாமி நடந்தது அந்த நடைதான். பிறகு கப்பலேறி வந்து, இப்போது தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறார்.

இதையெல்லாம் அவர் அங்கே உட்கார்ந்து, ஒரு கோப்பை தேநீருக்குள் சொல்லி முடித்துவிட்டார். கேட்கக் கேட்க ஜோசபினுக்குக் கை பரபரத்தது. பையில் கிடந்த ஜவுளிக்கடை ரசீதுப் புத்தகத்தை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் ஓர் ஆட்டை வரைந்து நீட்டினாள்.

"முதுகு இப்படி நேரா இருந்தா அது பெஞ்சு. நம்ம ஊர் செம்மறிக்கு உடம்பு முழுக்க கம்பளி கெடையாது, தங்கச்சி. குட்டை முடிதான். காது தொங்கும். வாலும் தொங்கும். வெள்ளக்காரன் ஆட்டைப் பார்த்துப் பார்த்து உங்க கண்ணே கெட்டுப்போச்சு லா."

"ஊரு ஞாபகம் வருமா, அண்ணே?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி என்று நினைத்துத்தான் கேட்டாள்.

"எதுக்கு வரணும்? மழை பேஞ்சா நனையணும், வெயிலடிச்சா காயணும். புக்கிட் பாஞ்சாங்ல கதவைச் சாத்துனா என் வீடு, தலைக்கு மேல காத்தாடி. திரும்பி நடன்னா நடப்பனா? எனக்கென்ன பைத்தியமா?" என்று சொல்லிவிட்டு, ஆட்டின் படத்தை மறுபடி தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "ஆனா காலை இப்படிப் போடக்கூடாது. முட்டி உள்பக்கம் மடங்கும்."

ஊரை அவர் தேடவில்லை. ஆட்டைத் தப்பாக வரைந்தால் மட்டும் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம், கோயில் பூசை முடிந்து அவளும், சந்தை முடிந்து அவரும், தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் அந்தக் கோப்பிக்கடையில் உட்கார்ந்தார்கள். அவள் வரைவாள், அவர் குறை சொல்வார். பாராட்டு என்ற பேச்சே அவர் வாயில் கிடையாது. அதுவும் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கடையில் எது செய்தாலும் "ரொம்ப நல்லாருக்கு" என்று கேட்டுக் கேட்டு அவளுக்குச் சலித்துப்போயிருந்தது.

அக்டோபரில் ஜோசபினுடைய பங்குக் கோயிலில் கூரை வேலை நடந்தது. பரணிலிருந்து ஒரு பெட்டி விழுந்து, இத்தாலியிலிருந்து வந்த பழைய கிறிஸ்துமஸ் குடில் சுரூபங்களில் மூன்று மேய்ப்பர்களுக்குத் தலை போய்விட்டது. நான்கு வெள்ளைச் செம்மறிகள் மட்டும் அடிபடாமல் தப்பின. பங்குச் சாமியார் பாதர் இயேசுதாசன், "ஜோசபின், நீதான் கடைக்கு ஏதேதோ செய்யிறியே, மேய்ப்பரையும் செஞ்சு குடேன்," என்றார்.

அவர் போகிறபோக்கில் சொன்னது. ஜோசபினுக்கோ அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்தொன்பது வயது. இதுவரை செய்த எதுவும் அவளுடையது இல்லை. எந்த அட்டையையும் பார்க்காமல், தன் மனசில் இருப்பதை மட்டும் வைத்து ஒன்றே ஒன்று செய்து, அதை நாலு பேர் நடுவில் நிறுத்த வேண்டும் என்ற ஆசை அவளுக்கு எவ்வளவு காலமாக இருந்தது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. குடிலையே கீதாரிக் கிடையாகச் செய்துவிடுவது என்று முடிவு கட்டினாள். மேய்ப்பர் மூவர் போதாது. ஒரு மந்தையே வேண்டும்.

"மந்தைன்னா எத்தனை?" என்று முத்துசாமியிடம் கேட்டாள்.

"எங்க அப்பா கெடையில முன்னூறு."

"இருபது செய்யறேன்."

"இருபதா? அதை மந்தைன்னு சொன்னா ஆடே சிரிக்கும்." ஆனாலும் விரலை மடக்கி இருபதை ஒவ்வொன்றாகச் சொன்னார். மந்தையில் ஒவ்வொரு ஆட்டுக்கும் பெயர் உண்டு, முகம் உண்டு. நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ளவள் சுட்டி. ஒரு காது அறுந்தவள் மூளி. நிறத்தை வைத்துச் செவலை, மயிலை, புல்லை, கொம்பு சுருண்ட கிடாய் ஒன்று. "அப்புறம் கருவாச்சியும் ராசாத்தியும். ரெண்டும் திமிர் புடிச்சதுங்க. வாலைத் தூக்கிக்கிட்டுத்தான் நடக்கும். தாடையில நாலு முடி தொங்கும். வேலியில முன்னங்காலை வச்சு ஏறி நின்னுதான் மேயும்." கேட்டபடியே வரைந்துகொண்டாள். குணம் உள்ள ஆடுகள் என்று அந்த இரண்டின்மேல் அவளுக்குத் தனிப் பிரியம் உண்டாயிற்று.

பிறந்த குட்டியை மந்தையோடு விட்டால் மிதிபட்டுச் சாகும். அதனால் பனைநாரும் விளாறும் கொண்டு கவிழ்த்த கூடை மாதிரி ஒரு கூடு பின்னி, அதற்குள் போட்டு வைப்பார்கள் என்று சொன்னார் முத்துசாமி. அதைக் கேட்டதும் ஜோசபின் மேசையைத் தட்டினாள். தேநீர் சிந்தியது. குழந்தை இயேசுவுக்கு இடம் கிடைத்துவிட்டது.

இன்னொரு நாள் வேறொன்றும் சொன்னார். "வழியில நாலு கெடை ஒண்ணாக் கலந்துரும். யாரோட ஆடு எதுன்னு கேட்டா, கேக்குறவன் விரோதியா இருந்தாலும் உள்ளதைத்தான் சொல்லணும். ஆட்டைப் பத்திப் பொய் சொன்னவன் அப்புறம் எந்த ஊர்லயும் கெடை போட முடியாது. அது எங்க ஆளுக கட்டுப்பாடு."

அவருடைய தம்பி இன்னும் அங்கே நடக்கிறார். முன்னே வயல்காரர்கள் கிடை கேட்டு வீட்டு வாசலில் காத்திருப்பார்களாம். இப்போது யூரியா மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறார்களாம். "அந்த மூட்டை எங்கேர்ந்து போகுதுன்னு நெனைக்கிறீங்க? போன வாரம் மெட்ராஸ் கப்பலுக்கு ரெண்டாயிரம் மூட்டை ஏத்துனேன். தம்பி பொழப்பைக் கெடுக்கிறதே நாந்தான் போல." அதைச் சொல்லும்போது முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் தம்பியும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. யூரியா போட்டுப் போட்டு மண் இறுகிப்போன வயல்களைத் தேடி, லாரியில் ஆட்டை ஏற்றிக்கொண்டு, அப்பா போகாத ஊருக்கெல்லாம் போகிறாராம். அண்ணன் அனுப்பிய டிரான்சிஸ்டர் ரேடியோ எந்நேரமும் கழுத்தில் தொங்குமாம். ஜோசபின் செய்த மேய்ப்பர்களில் நடுவில் இருப்பவன் கழுத்தில் ரேடியோ ஏறியது அப்படித்தான்.

வேலை முழுக்கத் தெம்பனிஸில் நடந்தது. அங்கே பதினோராம் மாடியில் புது வீடு வாங்கி அவள் தனியாகக் குடியேறி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஆட்டுக்குக் கால்கள் கடை முதலாளி ஒலி முகம்மது கொடுத்த அட்டைக் குழல்கள், துணிச் சுருளுக்கு உள்ளே வருபவை. முடிக்குச் சாக்கு நார். நாளுக்கு ஒரு நிறமாக, பழுப்பும் செம்மண்ணும் அழுக்கு வெள்ளையும் பூசினாள். வீட்டுக்குள் காய வைக்க இடமில்லை. ஆடுகள் ஒவ்வொன்றாக வெளி நடைபாதைக்கு வந்தன. பக்கத்து வீட்டு ரஷீதா தன் செருப்பு அடுக்கை ஓரமாக நகர்த்திக்கொண்டாள். கடைசி வீட்டுச் சீனக் கிழவர் தினமும் காலையில் மின்தூக்கிக்குப் போகும்போது ஆடுகளை எண்ணிக்கொண்டே போவார். ஒன்று கூடியிருந்தால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்.

எதிர் புளோக்கிலிருந்து யாரோ, பதினோராம் மாடியில் ஆடு வளர்க்கிறார்கள் என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். ஓர் இளம் அதிகாரி குறிப்புப் புத்தகத்தோடு வந்து நின்றார். சுட்டியின் முதுகைத் தொட்டுப் பார்த்தார், கையில் ஈரச் சாயம் ஒட்டிக்கொண்டது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, நடைபாதையை அடைக்கக் கூடாது, ஒரே வரிசையாக நிறுத்துங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பார்ப்பவருக்கு உயிருள்ள ஆடாகத் தெரிந்திருக்கிறது! அந்தப் புகாரைச் சொன்னவர் யார் என்று தெரிந்தால் ஜோசபின் அவருக்குப் பிரியாணி செய்து கொடுத்திருப்பாள்.

டிசம்பர் பதினாறு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. கோயிலுக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "ஈசா நபி பொறந்த நாளுக்குத்தானேம்மா? வேனை எடுத்துக்க," என்று சாவியை நீட்டினார் ஒலி முகம்மது. கோயில் முகப்பின் பக்கவாட்டில் இருந்த கொட்டகையில் மணல் பரப்பி, கூட்டை நடுவில் கவிழ்த்து, இருபது ஆடுகளையும் சுற்றி நிறுத்தி, கம்பளியும் தொரட்டியுமாக மேய்ப்பர்களை வெளி வட்டத்தில் உட்கார வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதை அவளே தன் வாயால் சொல்லிக்கொண்டாள், யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் ஆம்ப்ரோஸ் வந்தார்.

ஆம்ப்ரோஸ் குடில் குழுவின் தலைவர். வக்கீல் அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காற்புள்ளி ஒன்று இடம் மாறினாலும் தூக்கம் வராத மனிதர். அந்த இத்தாலிய சுரூபங்கள் கப்பலில் வந்தபோது, துறைமுகத்துக்குப் போய்ப் பெட்டியை இறக்கி வந்ததே அவர்தான். வருடா வருடம் அவற்றைத் தன் கைக்குட்டையால் துடைப்பார், வேறு யாரையும் தொட விடமாட்டார். அவருக்கு ரேடியோகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அவர் பார்வை ஆடுகளின்மேல் போய் நின்றுவிட்டது.

"ஜோசபின், இது என்ன?"

"செம்மறி ஆடு சார்."

"செம்மறியா? கம்பளி எங்க? இது வெள்ளாடும்மா! மட்டன் கடையில தொங்குறதை நான் பார்த்ததில்லையா? கடைசி நாள்ல செம்மறியை வலப்பக்கமும் வெள்ளாட்டை இடப்பக்கமும் பிரிச்சு நிறுத்துவாங்கன்னு வருஷா வருஷம் கோயில்ல வாசிக்கிறோமே, காதுல விழலையா? இடப்பக்கம் நின்னதுங்க எங்க போகுது? நெருப்புக்கு! நெருப்புக்குப் போறதைக் கொண்டுவந்து பாலன் பக்கத்துல நிறுத்தியிருக்கே!"

"இருபதும் செம்மறிதான். சத்தியமாச் சொல்றேன். நம்ம ஊர்ச் செம்மறி இப்படித்தான் இருக்கும்," என்றாள். அடுத்த ஒரு மணி நேரத்தில் அதையே எட்டுத் தடவை சொன்னாள். பாதர் இயேசுதாசன் சமாதானத்துக்கு வந்து, எதற்கு வம்பு, இத்தாலிய ஆடுகளை வலப்பக்கமும் இவற்றை இடப்பக்கமும் வைத்துவிடலாமே என்றார். யாருக்கு இடப்பக்கம், பார்க்கிறவர்களுக்கா, குழந்தைக்கா என்று ஜோசபின் கேட்டாள். நல்ல கேள்விதான். அதில் இன்னும் அரைமணி நேரம் போனது.

கடைசியில் ஆம்ப்ரோஸ் வக்கீல் அலுவலகத்துப் புத்தியோடு ஒரு முடிவு சொன்னார். ஆட்டைப் பற்றித் தெரிந்த ஆள் ஒருவரை அடுத்த ஞாயிறு அழைத்து வரட்டும். செம்மறி என்று அவர் சொன்னால் இருக்கட்டும். வெள்ளாடு என்றால், மறுபேச்சில்லாமல் எல்லாம் வேனில் ஏறித் திரும்பிப் போக வேண்டும். அதுவரை மந்தையை ஒரு வெள்ளைத் துணியால் மூடி வைத்தார்கள். மூடுவதில் ஜோசபினுக்கு விருப்பமில்லை. ஆனாலும் பயமில்லை. முத்துசாமி அண்ணன் இருக்கிறாரே! ஆட்டைப் பற்றிப் பொய் சொல்லாதவர்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் முத்துசாமி வேலை முடித்து நேராகத் துறைமுகச் சீருடையிலேயே வந்தார். கோயில் வளாகம் என்பதால் கனத்த காலணிகளை வெளிவாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு சுடுகல்லில் நடந்து வந்தார். பாதரும் ஆம்ப்ரோஸும் குழுவினர் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். ஜோசபின் துணியை விலக்கினாள்.

அத்தனை ஆடுகளையும் ஒன்றாக அவர் இப்போதுதான் பார்க்கிறார். சிரிக்கவில்லை. குறையும் சொல்லவில்லை. மணலில் இறங்கி, ஆடுகளுக்கு நடுவே ஒன்றின்மேலும் இடிக்காமல் ஒரு சுற்று நடந்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் கையை வைத்து வைத்து எடுத்தார். சுட்டி, மூளி, செவலை என்று வாய்க்குள் சொல்வது ஜோசபினுக்கு மட்டும் கேட்டது.

"யாருக்காகவும் சொல்ல வேணாம்," என்றார் ஆம்ப்ரோஸ். "உள்ளதைச் சொல்லுங்க. இது செம்மறியா, வெள்ளாடா?"

"செம்மறிங்க ஐயா. அசல் நாட்டுச் செம்மறி."

ஜோசபினுக்கு மூச்சு வந்தது.

"பதினெட்டு செம்மறி," என்றார் முத்துசாமி. "ரெண்டு வெள்ளாடு."

"அண்ணே!" என்று கத்தியேவிட்டாள்.

"ஆமா தங்கச்சி. கருவாச்சியும் ராசாத்தியும் வெள்ளாடு. வால் மேல நிக்குது பாருங்க, தாடி பாருங்க. நான் அப்பவே சொன்னனே." அவர் அதைச் சொல்லவே இல்லை. வெள்ளாட்டுக்கு வால் நிமிர்ந்திருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. பால் வெள்ளை என்பதை யாராவது விளக்கிச் சொல்வார்களா? அவளோ அதைத் திமிர் என்று நினைத்து, கம்பியை வளைத்து வளைத்து அந்த இரண்டு வால்களையும் மற்ற எல்லாவற்றையும்விட அழகாக நிமிர்த்தி வைத்திருந்தாள். அத்தனை பேர் முன்னால் சத்தியம் வேறு செய்திருந்தாள். முகமெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு பொய் சொன்னால்தான் என்ன இந்த மனுஷனுக்கு என்று ஒரு கணம் அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

ஆம்ப்ரோஸ் கெட்டவர் இல்லை. வென்றதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பார்த்தார், அது அவ்வளவாக முடியவில்லை. "சரிம்மா, பதினெட்டு விஷயத்துல நான் சொன்னது தப்பு. ஒத்துக்கறேன். பதினெட்டும் இருக்கட்டும். அந்த ரெண்டை மட்டும் எடுத்துடலாம். நியாயம்தானே?"

நியாயம்தான். ஜோசபினே தலையை ஆட்டிவிட்டாள்.

"எடுத்தா கெடை நிக்காதுங்க ஐயா," என்றார் முத்துசாமி.

"ஏன் நிக்காது?"

"தாய் செத்த குட்டி வருசத்துக்கு ஏழெட்டு இருக்கும். அதை இன்னொரு செம்மறிகிட்ட விட்டா முட்டித் தள்ளிரும். தான் பெக்காத குட்டிக்குச் செம்மறி பால் குடுக்காது. வெள்ளாடு குடுக்கும். எவ பெத்தது, என்ன இனம்னு பாக்காது. காலை அகட்டிக்கிட்டு நிக்கும். அதுக்குத்தான் எந்தக் கெடையா இருந்தாலும் ரெண்டு வெள்ளாடு வச்சிருப்போம். அதுக ரெண்டும் இல்லேன்னா அனாதைக் குட்டி ஒண்ணும் பொழைக்காது." தாம் ஏதோ பெரிதாகச் சொல்லிவிட்டதாக அவர் நினைக்கவில்லை. கோயில் விஷயம் அவருக்குத் தெரியாது. கிடை விஷயம் கேட்டார்கள், சொன்னார்.

பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜோசபினுக்குக் கண் நிறைந்துவிட்டது. தெரியாமல் செய்திருக்கிறோம், ஆனால் சரியாகச் செய்திருக்கிறோம் என்று அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது.

ஆம்ப்ரோஸ் கொஞ்ச நேரம் கருவாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு மணலில் இறங்கினார். அந்த ஆட்டை இரண்டு கைகளாலும் தூக்கினார். எடுத்துக்கொண்டு வேனுக்குத்தான் போகப்போகிறார் என்று ஜோசபின் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் நடுவுக்கு வந்து, குழந்தைக்கென்று வைத்திருந்த கூட்டை ஒட்டினாற்போல் அதை இறக்கினார். திரும்பிப் போய் ராசாத்தியையும் தூக்கி வந்து மறுபக்கம் நிறுத்தினார்.

"பால் குடுக்கறவ அந்த மூலையில நின்னா, புள்ளை அழறது எப்படிக் கேக்கும்?" என்று, இத்தனை நேரம் ஜோசபின்தான் இதைத் தப்பாகச் செய்துவிட்டாள் என்பதுபோல அவளைப் பார்த்துக் கேட்டார்.

"தலையை இன்னும் கொஞ்சம் உள்பக்கம் திருப்புங்க ஐயா," என்றார் முத்துசாமி. ஆம்ப்ரோஸ் திருப்பினார். பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, கருவாச்சியின் முதுகில் படிந்திருந்த மணலைத் துடைத்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசைக்கு முத்துசாமி மனைவியோடு வந்திருந்தார். தம்பிக்கு அனுப்ப வேண்டும் என்று இரவல் கேமராவில் படம் எடுத்தார். கூட்டுக்குள் பாலன் படுத்திருந்தான். குடிலைச் சுற்றி ஒரே கூட்டம். ஜோசபின் கூட்டத்துக்குப் பின்னால் புதுச் சேலையில் நின்றிருந்தாள். யார் செய்தது என்று யாராவது கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தாள். கேட்க ஒருவருக்கும் வாய்ப்பு வரவில்லை. முன்னால் ஆம்ப்ரோஸ் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் ஓயாமல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"வால் தொங்குதா? அது செம்மறி. வால் நிமிர்ந்திருக்கா? அது வெள்ளாடு. இதுகூடவா தெரியாது? என்ன, வெள்ளாடு எதுக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க! இந்த ரெண்டும் இல்லேன்னா நம்ம கெடையில ஒரு குட்டி பொழைக்குமா?"

நம்ம கெடை என்றார். ஜோசபின் அவரைத் திருத்தப் போகவில்லை.